பத்தாவது கோது

அனஸ்ரேசியாவுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. தொலைக்காட்சியில் யாராவது துப்பாக்கியை நீட்டினால் எழும்பிப் போய்க் குசினியில் இல்லாத வேலை ஒன்றைத் தேடுவாள். அப்படிப்பட்டவள் ஏழு வருடமாக நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு பிஸ்டல் கிளப்பைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள் என்றால் யார் நம்புவது? அவளுடைய மனுசன் கிளெமென்றே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். "வீட்டுக்குக் கிட்ட" என்பாள். வீட்டுக்குக் கிட்ட இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு முதியோர் இல்லமும் இருந்தன. மூன்று இடத்திலும் துப்புரவுக்கு ஆள் தேடினார்கள். அவள் போகவில்லை.

கிளப் இருந்தது நிலத்துக்கு அடியில். குண்டு விழுந்தால் சனம் ஒளிந்துகொள்ளட்டும் என்று அந்தக் காலத்தில் மாடிக் கட்டடங்களுக்குக் கீழே கட்டிவைத்த பங்கர். குண்டு விழவில்லை. கட்டியதை வீணாக்குவானேன் என்று அதற்குள்ளே சுட்டுப் பழகுகிறார்கள். இரும்புக் கதவைத் தள்ளி இருபத்திரண்டு படி இறங்கவேண்டும். கீழே போனால் போன் வேலை செய்யாது, பகலா இரவா என்று தெரியாது, மேலே பனி கொட்டுகிறதா வெயில் எறிக்கிறதா என்பதும் தெரியாது.

வேலைக்கு வந்த முதல் கிழமையே அங்கே அவளுக்கு ஒரு விசில் கேட்டது. மெல்லிய விசில். கட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. கையிலிருந்த துடைக்கிற தடியைப் போட்டுவிட்டுப் படியில் பாதி தூரம் ஏறியவள், அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி இறங்கி வந்தாள். அன்றைக்கு வேலை முடிந்த பிறகும் இரண்டு மணித்தியாலம் வாங்கில் குந்திக்கொண்டு இருந்தாள்.

தொர்கெய்ரிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள். தொர்கெய்ர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். எழுபது தாண்டியும் கிளப்பே கதியென்று கிடப்பவர். எதற்கும் காரணம் சொல்லாமல் விடமாட்டார். "வாளியில் கிடக்கிற வெறும் தோட்டாக் கோதுகளின் வாயில் காற்றுக்குழாயின் காற்றுப் படுகிறது, அதுதான்" என்றார். காற்றாடியை நிறுத்தியும் காட்டினார். விசில் நின்றது. "பார்த்தாயா?" என்றார். அவள் தலையாட்டினாள். காற்றாடி நின்றிருந்த எத்தனையோ நாட்களிலும் அது கேட்டது என்பதை அவரிடம் அவள் சொல்லவில்லை.

கோது பிரிக்கிற வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது தொர்கெய்ரால்தான். சுட்ட பிறகு விழுகிற பித்தளைக் கோதை எறிவதில்லை. அடியில் இருக்கிற பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியது குத்தி, மருந்தும் ஈயமும் வைத்தால் மறுபடி சுடலாம். பிரைமர் என்பது கோதின் அடிவட்டத்துக்கு நடுவே இருக்கிற சின்னப் பொத்தான். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தத்தான் நெருப்புப் பிறக்கும். தொர்கெய்ரின் பிஸ்டல் நாற்பத்தைந்து ரகத் தோட்டா போடுவது. அதில்தான் கரைச்சல். வெளியால் பார்த்தால் எல்லாக் கோதும் ஒரே உயரம், ஒரே வாய். ஆனால் சில கம்பனி பெரிய பிரைமர் வைக்கும், சில கம்பனி சின்னது வைக்கும். மிளகுக்கும் மல்லிக்கும் உள்ள வித்தியாசம்தான். பெரியதுக்கென்று பூட்டிய, பிரைமர் குத்துகிற கைமெசினில் சின்னது ஒன்று போய்ச் சிக்கினால் புதிய பிரைமர் நசுங்கும். நசுங்கினால் சிலவேளை கைக்குக் கிட்டவே வெடிக்கும்.

மனிதர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோதாகத் தூக்கிப் பார்ப்பார். ஒரு வாளி பிரிக்க ஒரு பொழுது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க அனஸ்ரேசியாவால் முடியவில்லை. ஒருநாள் வாளியைப் பறித்து எடுத்தாள். அடுத்த கிழமை தமிழ்க் கடையில் ஒரு சுளகு வாங்கி வந்தாள். கோதுகளைச் சுளகில் கொட்டி, வாய் கீழேயும் அடி மேலேயுமாக நிறுத்தி, அரிசியில் கல் பொறுக்குகிற வேகத்தில் சின்னதுகளைப் பொறுக்கி எடுத்தாள். இருபது நிமிடத்தில் வாளி முடிந்தது. தொர்கெய்ர் வாயைப் பிளந்தார். துப்பாக்கியைத் தொடாத பெண் கோதைத் தொடுகிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். கோது துப்பாக்கி இல்லையே என்றாள்.

அவள் நிறுத்தும் விதத்தில் ஒரு விசேசம் இருந்தது. ஒன்பது கோதை நிமிர்த்தி நிறுத்துவாள், பத்தாவதை அடியைப் பார்த்துவிட்டுப் படுக்க வைப்பாள். மறுபடி ஒன்பது, மறுபடி ஒரு படுக்கை. "பிரித்தால் போதுமே, ஏன் எண்ணுகிறாய்?" என்று தொர்கெய்ர் கேட்டார். அவளும் விட்டுவிடத்தான் பார்த்தாள். மனம் விட்டாலும் கை விடவில்லை.

கிளப்பில் வருடத்துக்கு இரண்டு சனிக்கிழமை துக்நாட். எல்லோரும் கூடி, சம்பளம் இல்லாமல், இடத்தைத் துப்புரவாக்குவது. வராதவனை ஒருத்தரும் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வருடம் முழுக்க முகத்தால் சொல்லுவார்கள். இந்த முறை மார்ச் மாதத்துத் துக்நாட்டில் புதிதாக ஒருவன் வந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். லிப்ட் திருத்துகிற வேலை. பெயர் இரவீந்திரன். கூட வேலை செய்பவர்கள் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார்களாம். அவன் வருவது செவ்வாய்க்கிழமைகளில், அவள் வருவது வியாழக்கிழமைகளில், ஆகவே இதற்குமுன் கண்டதில்லை. இரண்டு தமிழரைக் கண்டால் ஒன்றாக இருத்திவிட்டுத்தான் நோர்வேக்காரருக்கு நிம்மதி. தொர்கெய்ர் அவனைக் கொண்டுவந்து சுளகுக்கு முன்னால் இருத்திவிட்டுப் போனார்.

பெடியன் நல்ல வாய்க்காரன். "அக்கா எந்த ஊர்?" என்று தொடங்கினான்.

"மன்னார்."

"நாங்கள் யாழ்ப்பாணம். அம்மா இன்னும் அங்கைதான். தையல். எழுபத்தாறு வயசிலையும் மெசினை விடமாட்டன் எண்டு நிக்கிறா. நான் காசு அனுப்பினால் அதிலை நூல் வாங்கி வைக்கிறா."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒன்பது நிறுத்தி ஒன்றைப் படுக்க வைத்தாள். அவன் லிப்டுக்குள் அகப்பட்ட ஒரு கிழவியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது தரம் அவள் ஒன்றைப் படுக்க வைத்தபோது கதை பாதியில் நின்றது.

"அக்கா, இது ஆர் காட்டித் தந்தது?"

"எது?"

"பத்தாவதைப் படுக்க வைக்கிறது."

"ஒருத்தரும் இல்லை. சும்மா கைப்பழக்கம்."

"என்ரை அக்கா இப்பிடித்தான் செய்யிறவ. அம்மாவின்ரை வெறும் நூல்கட்டையளை வைச்சு எனக்கு எண்ணப் பழக்கினவ. ஒம்பது நிக்கும், பத்தாவது களைச்சுப்போய்ப் படுத்திடும் எண்டு சொல்லுவா. அவவா யோசிச்சுக் கண்டுபிடிச்சது. வேறை ஒருத்தரும் செய்து நான் காணேல்லை." அவன் சுளகையே பார்த்தான். "அவவின்ரை பேர் சத்தியபாமா."

அனஸ்ரேசியாவின் கை நிற்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று நிறுத்திக்கொண்டே போனது. தன் கையைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது.

"இயக்கத்துக்குப் போனவ. தொண்ணூற்றாறிலை இயக்கத்துக்காரரிட்டை இருந்து ஒரு கடிதம் வந்தது, தப்பியோடிட்டா எண்டு. ஊரிலை நாங்கள் தலை காட்டேலாமல் போச்சு. ஆனால் அம்மாவுக்கு உள்ளுக்குள்ளை சந்தோசம். ஓடினவள் எண்டால் உயிரோடை இருக்கிறாள்தானே. அந்த நாளிலை இருந்து தேடுறம். இந்தியாவிலை முகாம் முகாமாப் போய்ப் பார்த்தன். லண்டனிலை ரெண்டு தரம். இப்ப ரொறன்ரோவிலை ஒரு கலியாணப் படத்திலை ஒரு மனுசி நிக்கிறா எண்டு ஒராள் அனுப்பினவர். பக்கவாட்டு முகம்தான் தெரியுது. மூக்கு அவவின்ரை மூக்குத்தான் எண்டு அம்மா சொல்லுறா. வாற மாசம் போறன்." அவன் குரலை இறக்கினான். "அக்கா, உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

"தெரியாது, தம்பி."

அவன் நெடுநேரம் அவளைப் பார்த்தான். பிறகு ஒரு கடதாசித் துண்டில் தன் நம்பரை எழுதிச் சுளகுக்கு அடியில் வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

தெரியாதாம். சத்தியபாமாவுடன் ஒரே பாயில் ஒன்றரை வருடம் படுத்தவள் அவள்.

ஏரிக்கரையில் அவர்கள் இருந்த இயக்க முகாமில் துப்பாக்கி ரவைக்குத் தட்டுப்பாடு. சுட்டுப் பழகிய பிறகு ஒவ்வொரு கோதும் திரும்பி வரவேண்டும், மறுபடி நிரப்புவதற்கு. கோது பொறுக்கி எண்ணிக் கொடுப்பது அவர்கள் இரண்டுபேரின் பொறுப்பு. பத்தாவதைப் படுக்க வைக்கிற வித்தையைச் சத்தியபாமாதான் காட்டிக் கொடுத்தாள். எண்ணி முடிந்ததும் கோது ஒன்றை எடுத்துக் கீழுதட்டில் வைத்து ஊதுவாள். கட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. வீட்டில் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிற விசில் அது என்பாள். ஊதிவிட்டு மனமில்லாமல் திரும்ப வைப்பாள். அவளுடைய பத்தொன்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க அனஸ்ரேசியாவிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கோதைக் களவெடுத்துக் கொடுத்தாள்.

பின்னேரம் கணக்கில் ஒன்று குறைந்தது. எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டார்கள். அனஸ்ரேசியா வாயைத் திறக்க நேரம் இருந்தது, நிறையவே இருந்தது. சத்தியபாமா ஓரடி முன்னே வந்து, "நான்தான், ஏரிக்குள்ளை விழுத்திப்போட்டன்" என்றாள். கோது அவளுடைய சட்டைப்பைக்குள் இருந்தது. அனஸ்ரேசியாவின் பக்கம் அவள் திரும்பியும் பார்க்கவில்லை. தண்டனையாக, ஏரிக்கரை அணையில் முன்னுக்கு இருந்த பங்கரில் இரண்டு கிழமைக் காவலுக்கு அனுப்பினார்கள். பின்னேரங்களில் சாப்பாட்டு வாளியோடு போகும்போது தூரத்திலேயே விசில் கேட்கும். கோபமே இல்லாத விசில். அதுதான் அனஸ்ரேசியாவைக் கொன்றது.

ஐந்தாம் நாள் விடிய பீரங்கிச் செல் விழுந்தது. சத்தியபாமா உள்ளே இருக்கப் பங்கர் அப்படியே அமிழ்ந்துபோயிற்று. காப்பாற்ற ஓடிப்போன ஆறுபேரில் அனஸ்ரேசியாவும் ஒருத்தி. கையாலும் தகரத்தாலும் மண்ணைத் தோண்டினார்கள். இரண்டாவது, மூன்றாவது செல்லும் கிட்டவே விழ எல்லாருக்கும் காது அடைத்துக்கொண்டது. பின்வாங்கச் சொல்லிக் கட்டளை வந்தது. அந்த நேரத்தில்தான் மண்ணுக்குள் இருந்து கேட்டது. கட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. மண்ணோடு முகத்தை வைத்துத் தோண்டிக்கொண்டிருந்த அவளுக்கு மட்டும்தான் கேட்டது. சொன்னால் எல்லோரும் நின்று தோண்டவேண்டி வரும். அடுத்த செல் எங்கே விழும் என்று தெரியாது. அவளுக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டது. எழும்பி ஓடினாள். ஓடும்போது காலடியை எண்ணினாள். ஏன் எண்ணினாள் என்று அவளுக்கே தெரியாது. மதகு வரைக்கும் ஆறு பத்து.

அந்த இடம் பிறகு கைவிட்டுப் போயிற்று. நான்கு நாள் கழித்துப் பொறுப்பாளர் கூப்பிட்டுக் கேட்டார், "உடலைக் கண்டனியோ?" காணவில்லை என்றாள். "தண்டனையிலை இருந்தவள். செல்லடியைச் சாட்டி ஓடியிருப்பாளோ?"

"தெரியாது" என்றாள்.

அந்த ஒரு சொல்தான் கடிதமாகப் போனது. அந்தக் கடிதம்தான் ஒரு தாயை இருபத்தெட்டு வருடம் நம்பவைத்தது. இந்த நிலவறையில் விசில் கேட்கிற வேளைகளில் அனஸ்ரேசியா எழும்பிப் போகாமல் குந்திக்கொண்டிருப்பதும் அதனால்தான். ஒரு தடவை விட்டுவிட்டு ஓடியவள். இரண்டாம் தடவையும் ஓட அவளால் முடியவில்லை.

துக்நாட் முடிந்த பிறகு வந்த வியாழக்கிழமை, மத்தியானம். ஐந்து நாளாக ஒழுங்கான நித்திரை இல்லை. தொர்கெய்ர் பக்கத்து அறையில் மெசினைப் பூட்டி வைத்துக்கொண்டு, "அனா, கோது" என்று கூப்பிட்டார். அவள் சுளகில் கொட்டி நிறுத்தத் தொடங்கினாள். காற்றாடி ஓடவில்லை. விசில் கேட்டது. ஒன்பது நிறுத்தினாள், பத்தாவதைப் படுக்க வைத்தாள். விசில் விடாமல் கேட்டது. ரொறன்ரோவில் யாரோ ஒரு மனுசியின் முன்னால் போய் நின்று, அக்கா என்று கூப்பிடப்போகிறவனை நினைத்தாள். நிறுத்தினாள், படுக்க வைத்தாள். படுக்க வைப்பதற்கு முன் அடியைப் பார்க்கவேண்டும் என்பது அன்றைக்கு அவளுக்கு மறந்துபோயிற்று. நிற்கிற கோதின் அடி கண்ணுக்கு முன்னால் தெரியும். படுத்த கோதின் அடி தெரியாது. பெரியதுகள் என்று அள்ளித் தொர்கெய்ரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கால் மணித்தியாலம் இருக்கும். வெடித்தது.

பெரிய சத்தம் இல்லை, ஆனால் அடைத்த அறை. அனஸ்ரேசியா இந்த முறை சத்தம் வந்த பக்கமாக ஓடினாள். தொர்கெய்ர் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கண்ணாடிக்குக் கீழே விரலளவுக்குக் கிழிந்து இரத்தம் வடிந்தது. அவள் துணியை நனைத்து அழுத்திப் பிடித்தாள். அவர்தான் அவளைத் தேற்றவேண்டியிருந்தது.

இரத்தம் நின்றதும் மெசினுக்குள் சிக்கிய கோதை இழுத்து எடுத்தார். நடுவில் சின்னத் துளை. அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அலுமாரியில் இருந்து கிளப்பின் புத்தகத்தை எடுத்தார். இப்படி ஏதாவது நடந்தால் எழுதிவைக்கிற புத்தகம். எழுதிவிட்டு மூடப் போனவரிடம் அவள் அதை வாங்கிப் பார்த்தாள். 'கோதை நான் சரிபார்க்கவில்லை. தவறு என்னுடையது' என்று எழுதி, கீழே தன் பெயரை வைத்திருந்தார்.

"இது உண்மை இல்லை" என்றாள் அனஸ்ரேசியா.

"உன் பெயரைப் போட்டால் நிர்வாகம் உன்னை இந்த வேலையைத் தொடவிடாது. எனக்கு என்ன, ஒரு கீறல்தானே. விடு."

அவருடைய முகத்தில் ஒரு துளி கோபம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு சின்னப் பித்தளைக் கோதுக்காக இன்னொரு ஆள் முன்னுக்கு வந்து நின்றுகொண்டு, நான்தான் என்கிறார். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் சுகமாக முடிந்துவிடும். பேனாவை எடுத்து அவருடைய பெயரை வெட்டினாள். 'பிரித்தது நான். பார்க்காமல் விட்டது நான்' என்று எழுதித் தன் முழுப்பெயரையும் போட்டாள்.

"இவ்வளவு சின்ன விசயத்துக்கு ஏன் அழுகிறாய்?" என்று கேட்டார் தொர்கெய்ர். அழுகிறாள் என்பதே அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

கன்னத்தைக் காட்ட அவரை டொக்டரிடம் அனுப்பிவிட்டு, படியேறி மேலே போய், துண்டில் இருந்த நம்பருக்கு அடித்தாள். "தம்பி, வேலை முடிய ஒருக்கால் கிளப்புக்கு வாங்கோ" என்றாள்.

மூன்றரைக்கு வந்தான். வேலை உடுப்போடேயே வந்திருந்தான். அவள் அவனை வாங்கில் இருத்தி, தான் நின்றுகொண்டே சொன்னாள். பாய், பிறந்தநாள், களவு, வரிசை, அணை, செல் எல்லாவற்றையும் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மண்ணுக்குள் இருந்து விசில் கேட்டதையும் சொன்னாள்.

இரவீந்திரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"கேட்டுப்போட்டோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"கேட்டுப்போட்டு?"

"ஓம், தம்பி. கேட்டுப்போட்டுத்தான் ஓடினனான்."

அவன் எழும்பினான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அடிக்கட்டும் என்றும் நினைத்தாள். அவன் சுளகில் இருந்து ஒரு கோதை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"எப்பிடி ஊதினவ?"

எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாளே தவிர, ஒருநாளும் அவள் ஊதிப் பார்த்ததில்லை. கீழுதட்டில் வைத்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு வந்தது, கட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. இரவீந்திரனின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போலக் கோணிற்று.

"அது என்னைச் சாப்பிடக் கூப்பிடுறது" என்றான். சுவரோடு சாய்ந்து அழுதான். அவள் கிட்டப் போகவில்லை. அந்த உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்தான். "அம்மாவுக்கு என்னாலை சொல்லேலாது. பன்னிரண்டு வயசிலை இருந்து, கண்டுபிடிப்பன் அம்மா, கண்டுபிடிப்பன் அம்மா எண்டு சொல்லிக்கொண்டு வந்தவன் நான். அவவின்ரை உயிரே அந்தக் கடிதத்திலைதான் நிக்குது. நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தான் சொல்லவேணும்."

அவள் மறுக்கவில்லை. இருபத்திரண்டு படியும் ஏறினார்கள். கதவடியில் அனஸ்ரேசியா ஒரு நிமிடம் நின்று காது கொடுத்தாள். கீழே ஒன்றும் கேட்கவில்லை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வழுக்காமல் இருக்கப் போட்ட சின்னக் கற்கள் கரைந்த பனிக்குள் கிடந்து காலில் நறநறத்தன. யாழ்ப்பாணத்தில் இரவுச் சாப்பாட்டு நேரம். இரவீந்திரன் நம்பரை அழுத்தி, "அம்மா, ஒராள் உங்களோடை கதைக்கவேணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தான்.

தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஆர் கதைக்கிறது?"

"என்ரை பேர் அனஸ்ரேசியா, அம்மா. நான் சத்தியபாமாவோடை ஒண்டா இருந்தனான்."

மெசின் நின்றது. பிறகு அந்தக் கிழவி, எத்தனையோ வருடமாகக் கேட்கவென்று வைத்திருந்த கேள்வியை, பக்கத்து வீட்டில் விளையாடப் போன பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அவள் எங்கை, பிள்ளை?"

பொறுப்பாளர் கேட்டபோது தெரியாது என்றாள். தம்பிக்காரன் கேட்டபோதும் தெரியாது என்றாள். அந்தச் சொல் இப்போதும் வாய்க்குள் வந்து நின்றது. இந்தத் தரமும் அதையே சொல்லலாம். சொன்னால் அங்கே மெசின் மறுபடி ஓடும், ஒரு தாய் சாகும்வரை நூல் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். கையில் இன்னும் கோது இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தாள்.

"தெரியும், அம்மா" என்றாள். "ஏரிக்கரையிலை, மதகிலை இருந்து அணை வழியாக் கிழக்கை அறுபது காலடி. மண்ணுக்குள்ளை இருக்கிறாள். அவள் ஓடேல்லை, நான்தான் ஓடினனான். இடம் எனக்குத் தெரியும். நான் வந்து காட்டுறன்."